கழற்றப்போகிறவரையும் நினைத்துச் செய்யுங்கள்: இயந்திரத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சாலை இயந்திரங்களை வடிவமைத்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் இயந்திரங்களை வாங்குகிறவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். விலை பேச வருகிறவர்கள், கண்காட்சியில் சந்திக்கிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர்கள். இந்த மடலை எழுதும் தரப்பு அந்த வரிசையில் இல்லை. இயந்திரம் அடித்தளத்தில் இறங்கி, சோதனை ஓட்டம் முடிந்து, உங்கள் ஆட்கள் கருவிப்பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் அதனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் நாங்கள். பராமரிப்புப் பிரிவு என்று எங்களுக்குப் பெயர். உற்பத்தி நடக்கும்வரை எங்களை யாரும் தேடுவதில்லை; நின்றுவிட்டால் எல்லோரும் தேடுகிறார்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் இயந்திரத்தை நீங்கள் ஒருமுறை கோக்கிறீர்கள். நாங்கள் அதை நூற்றுக்கணக்கான முறை திறக்கிறோம். கோப்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் காட்டும் அக்கறையில் பாதியையாவது, கழற்றி மாட்டுவதற்கும் காட்டுங்கள். கழற்றுகிறவருக்குத் தேவையான தகவலை ஒளித்து வைக்காமல் இயந்திரத்தோடு சேர்த்தே விற்றுவிடுங்கள்.

இது உங்களால் முடியாத காரியமே அல்ல. ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறீர்கள். 6205 என்று பொறித்த பேரிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில் யார் தயாரித்தாலும் இந்த அளவுகள் மாறுவதில்லை. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம் வந்துவிடும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பயிற்சியாளரும் கற்றுக்கொள்வது. (04க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது என்பதை இரண்டாம் வாரத்தில் கற்றுக்கொள்வார்.) மோட்டாரிலும் அப்படித்தான். ஐஇசி எனும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரத்தில் 132 என்ற ஃபிரேம் எண் (மோட்டார் உடலின் அளவுக் குறி) இருந்தால், பாதத்திலிருந்து தண்டின் மையம் வரை 132 மில்லிமீட்டர். ஃபிரேம் எண்ணும் நீளக் குறியும் ஒன்றாக இருந்தால், ஒரு நிறுவனத்தின் மோட்டார் எரிந்துபோன இடத்தில் இன்னொரு நிறுவனத்தின் மோட்டாரை அதே துளைகளில் வைத்து போல்ட் போட்டுவிடலாம். ஷிம் எனும் மெல்லிய தகடுகளை வைத்து, தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிற வேலைதான் மிச்சம்.

பம்புகளில் இதைவிட அழகான ஏற்பாடு உண்டு. ஐஎஸ்ஓ எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் 2858ஆம் தர அளவுகளில் வரும் பம்புகளில், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் நடுவே ஒரு இடைத்துண்டு இருக்கும். அதை எடுத்துவிட்டால் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், பேரிங் பெட்டி எல்லாம் ஒரே தொகுதியாகப் பின்பக்கம் இழுபட்டு வெளியே வந்துவிடும். பம்பின் உறை மட்டும் குழாய்களோடு அப்படியே இருக்கும். மோட்டாரைத் தொடவே வேண்டாம். அந்த அமைப்பை முதலில் யோசித்தவர் ஒருநாளாவது குழாய்களுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்து போல்ட் கழற்றியிருக்க வேண்டும்.

பொதுவான அளவுகள் தானாக வந்துவிடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வர்த் 1841இல் எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரே திருகுமரை அளவுகளை முன்வைக்கும்வரை, ஒரு பட்டறையின் நட் இன்னொரு பட்டறையின் போல்டில் ஏறியதில்லை. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மையம் எரிந்தபோது பக்கத்து நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் விரைந்து வந்தன. அவர்களுடைய குழாய் இணைப்புகள் பல அந்நகரத்தின் நீர்க்குழாய்த் தலைகளில் பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தண்ணீர் இருந்தது, வண்டி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், மரை சேரவில்லை.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும், உங்களில் சிலர் நேர் எதிர்த் திசையில் நடக்கிறீர்கள். பேரிங்கின் மேல் இருக்கும் 6205 என்ற எண்ணை அரைத்து அழித்துவிட்டு, அங்கே உங்கள் நிறுவனத்தின் நீண்ட உதிரிபாக எண்ணைப் பொறிக்கிறீர்கள். அலமாரியில் எங்களிடம் இருக்கும் ஒரு பொருளுக்காக நாங்கள் வாரக்கணக்கில் உங்கள் கிடங்கை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பது எண்ணம் போலும். அது நடப்பதில்லை. வெர்னியர் எனும் அளவுகருவி எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது; ஒரு நிமிடத்தில் அது 6205தான் என்று தெரிந்துவிடும். ஆனால் வெர்னியருக்குத் தெரியாத சங்கதிகளும் உண்டு. உள் இடைவெளி சாதாரணமா, அதைவிடக் கூடுதலான சி3 வகையா? உள்ளே போட்ட கிரீஸ் என்ன? வெளிவளையத்தில் மின்காப்புப் பூச்சு உண்டா? வேகம் மாற்றும் டிரைவ் எனும் மின்னணுக் கருவியில் ஓடும் மோட்டாரின் தண்டு வழியே மின்னோட்டம் கசியும். அதைத் தடுக்கத்தான் மின்காப்புப் பேரிங் போடுகிறீர்கள். அளவு ஒத்துப்போகிறதே என்று அங்கே சாதாரணப் பேரிங்கை மாட்டினால், சில மாதங்களில் பேரிங்கின் குண்டுகள் ஓடும் பாதையில் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, இரைச்சல் கிளம்பி, மோட்டார் மறுபடி மேசைக்கு வரும். எண்ணை அழித்ததால் உங்கள் வணிக ரகசியம் ஒன்றும் காப்பாற்றப்படவில்லை. பழுதுபார்ப்பு மட்டும் தப்பாகிப்போனது. அந்தத் தப்பின் பெயரும் கடைசியில் உங்கள் இயந்திரத்தின் மேல்தான் எழுதப்படுகிறது.

இனி மின்பேனலுக்கு வருகிறேன். வருத்தத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுக் கணினி இல்லாத இயந்திரம் இன்று அரிது. அதற்குள் இருக்கும் நிரல்தான் இயந்திரத்தின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. ஒரு சிலிண்டர் முன்னே போக மறுத்தால், எந்த சென்சாரின் சைகைக்காக அது காத்திருக்கிறது என்பதை நிரலைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த நிரலுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறீர்கள். மாற்றுவதற்கு மட்டும் பூட்டியிருந்தால் எங்களுக்குப் புகார் இல்லை. பார்ப்பதற்கும் சேர்த்தே பூட்டியிருக்கிறீர்கள். விளைவு, ஒவ்வொரு சென்சாராகக் கையால் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு வயராக மீட்டர் வைத்துத் தேடுகிறோம். தேடி முடிக்கும்போது ஒரு ஷிப்ட் போயிருக்கும். உங்கள் சேவைப் பொறியாளர் வந்தால் மடிக்கணினியைச் செருகி அதே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார். அவர் வந்து சேர எடுத்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. நிரலும் அளவுருக்களும் (இயந்திரத்துக்கென அமைத்துக் கொடுத்த எண்கள்) ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்த நிலையில் மின்சாரமும் போனால் எல்லாம் அழிந்துவிடும். மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும் என்பது நேர்மாறாக யோசித்துப் பழகியவருக்குத் தோன்றாது. பாதுகாப்புக்காக மெயினை அணைத்துவிட்டுத்தான் அவர் பேனலையே திறப்பார். இந்த ஒரு வரியைப் பேட்டரியின் பக்கத்திலேயே அச்சடித்து ஒட்டியிருக்கும் பேனல்களை விரல்விட்டு எண்ணலாம். அழிந்துபோன நிரலின் நகல் எங்களிடம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் மீட்டுவிடுவோம். நகல் எடுக்கவும் உங்கள் கடவுச்சொல் குறுக்கே நிற்கிறது.

அப்புறம் அந்த எச்சரிக்கை வாசகங்கள். திரையில் ஒரு எண், அதன் பக்கத்தில் 'அச்சுக் கோளாறு, சேவைப் பிரிவை அணுகவும்'. எந்த அச்சு, அதாவது எந்தத் திசையில் நகரும் பகுதி? என்ன கோளாறு? மின்னோட்டம் கூடியதா, இருப்பிடத்தைச் சொல்லும் என்கோடரின் சைகை அறுந்ததா, எல்லை சுவிட்சைத் தாண்டியதா? உள்ளே இருக்கும் நிரலுக்கு இது தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருக்கும்படி அதைப் பழக்கியிருக்கிறீர்கள். எதிர்ப்புறத்தில், தேவையில்லாததை எல்லாம் கொட்டும் இயந்திரங்களும் உண்டு. ஒரு காற்றழுத்த சுவிட்ச் விழுந்தால், அதாவது அணைந்தால், அதன் விளைவாக நாற்பது வரிகள் திரையில் ஓடும். முதலில் விழுந்தது எது என்பது அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இயக்குபவர்களுக்கு 275 எச்சரிக்கைகள் வந்தன. நிமிடத்துக்கு இருபத்தைந்து எச்சரிக்கைகளை எந்த மனிதரும் வாசித்து, புரிந்து, முடிவெடுக்க முடியாது. எங்களுக்கு வேண்டியது மூன்றே விவரங்கள்: முதலில் விழுந்த சைகை எது, வரைபடத்தில் அதன் குறியீடு என்ன, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது.

வரைபடம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பேனலில் ஒட்டிய வயர் எண்ணும் வரைபடத்து எண்ணும் ஒன்றாக இருக்கும் இயந்திரத்தை நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பல சமயம் எங்கள் கைக்கு வருவது முந்தைய மாடலின் வரைபடம். கடைசி நேரத்தில், இயந்திரத்தைக் கோக்கும் இடத்தில் ஒரு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சேர்த்திருப்பீர்கள்; அது பேனலில் இருக்கும், தாளில் இருக்காது. பழுது பெரும்பாலும் அந்த ரிலேவில்தான் வரும். இதற்கு அறிவியல் விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

பேனலை வைக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். டிரைவ்களுக்குள் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஏறத்தாழ பாதியாகும் என்பது உங்கள் மின்னணுப் பிரிவுக்குப் பாலபாடம். அப்படியிருக்க டிரைவ்களை ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டிக்கு நேர் மேலே ஏன் மாட்டுகிறீர்கள்? தொட்டியிலிருந்து எழும் சூட்டையும் எண்ணெய்ப் படலத்தையும் டிரைவின் குளிர்விசிறி நாள் முழுக்க உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. தரைப்பரப்பு மிச்சமாகிறது என்று விற்பனைத் தாளில் போட்டுக்கொள்ளலாம், உண்மைதான்.

எட்டாத இடங்களைப் பற்றி ஒரு முழு மடலே எழுதலாம். பாதுகாப்பு மூடிக்குப் பின்னால், பன்னிரண்டு திருகுகளைக் கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில் இருக்கும் கிரீஸ் நிப்பிளும் (கிரீஸ் ஏற்றும் வாய்), இல்லாத கிரீஸ் நிப்பிளும் ஒன்றுதான். அட்டவணையில் அது வாரம் ஒருமுறை. வாராவாரம் பன்னிரண்டு திருகைக் கழற்ற எந்த உற்பத்தி மேலாளரும் இயந்திரத்தை நிறுத்தித் தர மாட்டார். ஒரு நைலான் குழாயை இழுத்து நிப்பிளை வெளியே கொண்டுவர எவ்வளவு ஆகிவிடும்? குழாய் நிரம்ப முதலில் கிரீஸ் ஏற்றிவிட்டுத் தருகிறீர்களா என்பதும் முக்கியம். வெறும் குழாயைத் தந்தால் எங்கள் முதல் பத்து அழுத்தங்களும் குழாயை நிரப்பத்தான் போகும், பேரிங் காய்ந்துகொண்டிருக்கும். எண்ணெய் அளவு காட்டும் கண்ணாடியை இயந்திரத்தின் சுவரோரப் பக்கத்தில் வைப்பது, எண்ணெய் வடிக்கும் திருகுக்குக் கீழே ஒரு பாத்திரம் நுழைய இடம்விடாமல் சட்டத்தைப் பற்றவைப்பது, சீல் ஒன்றை மாற்ற முழு கியர்பாக்ஸையும் இறக்கும்படி செய்வது என்று பட்டியல் நீளும். முப்பரிமாண மாதிரியில் பாகங்கள் ஒன்றோடொன்று இடிக்காததைச் சரிபார்க்கிறீர்கள். அதே மாதிரியில் ஒரு மனிதக் கையையும், அந்தக் கையில் ஒரு ஸ்பேனரையும், அந்த ஸ்பேனர் சுழல அறுபது டிகிரி இடத்தையும் வைத்துப் பாருங்கள். மென்பொருளில் அதற்கும் வசதி இருக்கிறது.

இயந்திரத்தின் உடல்நிலையை அறிவதற்கான இடங்களையும் நீங்கள்தான் தர முடியும். ஹைட்ராலிக் எண்ணெயின் தூய்மையை ஐஎஸ்ஓ 4406 முறையில் மூன்று எண்களாகச் சொல்கிறோம். 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதற்கு ஒவ்வோர் எண். எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு. எண்ணெய் ஓட்டத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் செர்வோ வால்வுகளுக்கு, பீப்பாயிலிருந்து நேராக ஊற்றும் புதிய எண்ணெய்கூடப் பெரும்பாலும் போதிய தூய்மை இல்லாதது. இவ்வளவு நுட்பமான வால்வை மாட்டிவிட்டு, எண்ணெய் மாதிரி எடுக்க ஒரு சிறு இணைப்பு வாய் தராமல் விட்டால், நாங்கள் தொட்டியின் அடியிலிருந்து சகதியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அந்த அறிக்கையால் யாருக்கும் பயன் இல்லை.

அதிர்வும் இப்படித்தான். ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் எண் டர்பைனின் மேல்மூடி போல்ட்கள் அறுந்து, நீர் பொங்கி, 75 பேர் இறந்தார்கள். பிறகு எடுத்து ஆராய்ந்த 49 போல்ட்களில் 41இல் களைப்பு விரிசல்கள், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் விழும் விரிசல்கள், தெரிந்தன. அந்த டர்பைனின் அதிர்வு அனுமதித்த அளவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த நிலையிலேயே ஓடியிருக்கிறது. அதை நிறுத்தியிருக்க வேண்டியது இயக்கியவர்களின் பொறுப்பு. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இந்த விபத்தை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் இன்னொரு கோணத்தில் படிக்க வேண்டும். களைப்பு விரிசல் விழுந்த போல்ட் வெளியிலிருந்து பார்த்தால் நல்ல போல்ட்தான். எந்த போல்ட் உயிரைத் தாங்குகிறது, அதை எத்தனை முறை இறுக்கலாம், எந்த இடைவெளியில் மீயொலிச் சோதனை செய்ய வேண்டும், அதிர்வை எந்தப் புள்ளியில் அளக்க வேண்டும், எந்த அளவில் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வரைந்தவருக்குத்தான் முதலில் தெரியும். கையேட்டில் இவற்றுக்குப் பதிலாக 'எல்லா போல்ட்களையும் அவ்வப்போது சரிபார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவர் ஒரு போல்டையாவது மனதில் நினைத்து எழுதினாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

கையேடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். '2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவும்' என்பது உங்களுக்குப் பிடித்த வாக்கியம். எதனால் 2,000? 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களின் பழுதுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார்கள். வயதாக ஆகப் பழுது கூடும் தன்மை காட்டியவை 11 சதவீதப் பாகங்கள் மட்டுமே. 68 சதவீதம், புதிதாக மாட்டிய சிறிது காலத்தில் அதிகம் பழுதாகி, அதைத் தாண்டிவிட்டால் ஒரே சீராக ஓடும் வகை. அதாவது நன்றாக ஓடுகிற பாகத்தைக் காலக்கெடு வந்துவிட்டது என்று கழற்றிப் புதியதை மாட்டினால், பல பாகங்களில் ஆபத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் தலைமையிலான ஆய்வுக் குழுவும் இதையே கண்டது: ஐம்பது மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனை முடிந்து வந்த விமானங்களில் உடனே பழுதுகள் கூடி, பிறகு குறைந்தன.

விமானத்தின் கணக்கு அப்படியே உலோகத்தை அழுத்தும் பிரஸ்ஸுக்கோ கன்வேயருக்கோ பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தேயும் பாகங்கள் எங்கள் உலகில் அதிகம். தூசியும் தண்ணீரும் அதிகம். நான் கேட்பது காரணத்தை. இந்த பெல்ட்டை ஏன் 2,000 மணியில் மாற்றச் சொல்கிறீர்கள்? ரப்பர் இறுகுகிறதா, பல் தேய்கிறதா, அல்லது உங்கள் உதிரிபாக விற்பனைப் பிரிவு அந்த எண்ணை விரும்பியதா? என்ன பழுதைத் தடுக்கிறோம் என்று தெரிந்தால், அது வருவதற்கான அடையாளத்தைத் தேடிப் பார்க்க எங்களுக்குத் தெரியும்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக்கை மடக்கி வைக்கிறார்கள், காந்தத்தை ஒட்டி சுவிட்சை ஏமாற்றுகிறார்கள் என்று எங்கள் மேல் புகார். உண்மை, அப்படி நடக்கிறது, நடக்கக் கூடாது. ஆனால் ஏன் நடக்கிறது? மூடியைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். மூடியை மூடினால் ஒன்றும் தெரியாது. பெல்ட் எங்கே விலகுகிறது என்று ஓடும்போதுதான் தெரியும். அந்த நேரத்துக்காக, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் மிக மெதுவாக ஓடி, விட்டவுடன் நிற்கும் ஒரு முறையை நீங்கள் தந்திருந்தால் காந்தத்துக்கு வேலையே இல்லை. இன்டர்லாக் பற்றிய ஐஎஸ்ஓ 14119 தரமே, ஏமாற்றும் தூண்டுதல் எழாதபடி வடிவமைக்க வேண்டும் என்கிறது.

பூட்டுப் போடும் வசதியும் அப்படித்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1990இலிருந்து, பராமரிப்பு வேலைக்கு முன் ஆற்றல் மூலத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, குறிச்சீட்டு மாட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் இயந்திரத்தில் மெயின் சுவிட்சில் பூட்டுத் துளை இருக்கிறது; நன்றி. காற்று வால்வில் இல்லை. எண்ணெய் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் ஹைட்ராலிக் அக்யுமுலேட்டரில் மிச்சம் நிற்கும் அழுத்தத்தை இறக்கும் வால்வு எங்கோ அடியில் இருக்கிறது. மின்சாரம் போன பிறகும் டிரைவின் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் பல நிமிடங்கள் நிற்கும். எத்தனை நிமிடம் என்று சில கதவுகளில்தான் எழுதியிருக்கிறது. பிரேக்கைக் கழற்றினால் செங்குத்து அச்சு தன் எடையில் கீழே விழும். அதைத் தாங்க ஒரு முள் செருகும் துளை வேண்டும். இவை வாங்குகிறவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளாக விலைப்பட்டியலில் வரக் கூடாது.

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் திறந்து கொடுத்தால் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கை வைப்பார்கள், விபத்து நடந்தால் பெயர் எங்களுக்குக் கெடும் என்பீர்கள். ஃபிளிக்ஸ்பரோவையும் நினைவூட்டுவீர்கள். இங்கிலாந்தின் அந்த ரசாயன ஆலையில் ஐந்தாம் உலையில் விரிசல் கண்டதும், அதை எடுத்துவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அதற்கு இருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் போட்டது. 1974 ஜூன் 1 அன்று அந்தக் குழாய் விட்டுப்போய், வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள். குழாயின் இரு முனைகளிலும் இருந்த மடிப்புக் குழல்களை எப்படிப் பொருத்த வேண்டும் என்று தயாரிப்பாளரின் வழிகாட்டி இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

எனக்கு இந்தக் கதை உங்கள் வாதத்துக்கு எதிராகவே படுகிறது. தகவல் இருந்தும் பார்க்காதது அங்கே நடந்த குற்றம். அதற்குத் தீர்வு, படிக்கத் தெரிந்த பொறியாளர் அங்கே இருப்பது. அந்த ஆலையில் அப்போது பணிமனைப் பொறியாளர் பதவி காலியாக இருந்தது. தகவலையே பூட்டி வைத்தால் நடப்பது வேறு: உற்பத்தி நிற்கக் கூடாது என்ற நெருக்கடியில் ஒவ்வொரு பட்டறையும் சாக்குக்கட்டியை எடுக்கும். இயந்திரம் நின்று கிடக்கும்போது யாரும் கையைக் கட்டிக்கொண்டு உங்கள் பொறியாளருக்காக நாட்கணக்கில் காத்திருப்பதில்லை. ஏதோ ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். அதைச் சரியாகச் செய்வதற்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது.

நகலெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. மறைகுறியாக்கிய உங்கள் கணிதமுறைகளை வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டாம். உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் படிகளின் வரிசையையும் பார்க்க விட்டால் போதும். ஆனால் பூட்டு எந்த இடம்வரை போகக்கூடும் என்பதற்கு போலந்தில் ஒரு வழக்கு நடக்கிறது. தயாரித்த நிறுவனத்துடையது அல்லாத வேறொரு பட்டறையில் பராமரிப்புக்குப் போன சில ரயில்கள் கிளம்ப மறுத்தன. மென்பொருளை ஆராய்ந்த குழு ஒன்று, குறிப்பிட்ட பட்டறைகளின் இருப்பிடத்தில் நின்றால் ரயில் முடங்கும்படி நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்ததாக 2023 இறுதியில் பகிரங்கமாகச் சொன்னது. தயாரிப்பு நிறுவனம் மறுக்கிறது. ஆராய்ந்தவர்கள் மேல் வழக்கும் தொடுத்தது. தீர்ப்பு எப்படியும் இருக்கட்டும். தான் பராமரிக்கும் இயந்திரத்துக்குள் தனக்கெதிராக ஏதாவது எழுதியிருக்குமோ என்று ஒரு ஃபிட்டர் சந்தேகப்படும் நிலை வந்ததே உங்கள் தொழிலுக்கு நல்லதல்ல.

சட்டங்கள் மெல்ல நகர்கின்றன. விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தேவையான கருவி, மென்பொருள், கையேடு ஆகியவற்றை உரிமையாளருக்குத் தர வேண்டும் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதன்படி கையேட்டை மின்னணு வடிவில் மட்டும் தரலாம்; வாங்கும்போது கேட்டால் தாளிலும் இலவசமாகத் தர வேண்டும். இயந்திரம் எதிர்பார்க்கும் ஆயுள்வரை, குறைந்தது 10 ஆண்டுகள், இணையத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக எடுத்துக்கொண்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. பத்து வயதான பிரஸ் எங்களுக்கு இளம் பிரஸ். இணைப்பு முகவரி இறந்துபோன பதினோராம் ஆண்டில்தான் பெரிய வேலைகள் தொடங்கும். தாளில் ஒரு பிரதியை, எண்ணெய்க் கை பட்டாலும் கிழியாத தாளில், நாங்கள் கேட்காமலே பேனல் கதவுக்குள் வைத்து அனுப்புங்கள்.

எங்கள் பக்கத்துக் கொள்முதல் பிரிவினருக்கும் இங்கே ஒரு வார்த்தை, அவர்களும் இதை வாசிப்பார்கள். விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுகிறீர்கள். நிரல் நகல், வரைபடம், உண்மையான பேரிங் எண்கள் ஆகியவை அந்த அட்டவணையில் ஒரு வரியாகவாவது இருந்தால், விற்கிறவர் தருவார். கையெழுத்திடும் நாளுக்கு முன்பு கேட்டால் எல்லாம் கிடைக்கும். மறுநாள் கேட்டால் எதுவும் கிடைக்காது.

கடைசியாக, நீங்கள் தயாரிப்பை நிறுத்திவிடும் இயந்திரங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது; அதில் இயங்கும் திரைகளோடு இன்றும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரும்பு நன்றாக இருக்கிறது, பாகங்கள் நகரும் வழித்தடங்கள் நன்றாக இருக்கின்றன. ஓர் உள்ளீட்டு அட்டை போனால் முழு இயந்திரமும் பழைய இரும்பு விலைக்குப் போகிறது. ஒரு மாடலுக்கான உதிரிபாகங்களை இனிச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தால், கடைசியாக வாங்கி வைத்துக்கொள்ள ஓராண்டு அவகாசத்தோடு எங்களுக்குத் தெரிவியுங்கள். அந்த அவகாசம் முடியும் நாளில் அதன் மின்னணு அட்டை வரைபடங்கள், நிரல், கடவுச்சொல், அளவுருப் பட்டியல் ஆகியவற்றை அந்த இயந்திரம் இருக்கும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நிறுவனத்தை மூடினாலும் இது நடக்கும்படி, விற்கும் நாளிலேயே அவற்றை ஒரு மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கலாம். மென்பொருள் துறையில் மூல நிரலுக்கு இந்த ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அந்த மாடலிலிருந்து இனி உங்களுக்கு வருமானம் இல்லை. எங்களுக்கு இன்னும் பதினைந்து ஆண்டு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவன்